ஒரு நூல் பிசகு

அறுபது சென்டிமீட்டருக்கு அப்பால்
பழைய கட்டருக்கு உலகம் கிடையாது.
இல்மெ தேர்ந்தெடுத்த டைலோ நூற்றிருபது.
எங்கோ படத்தில் பார்த்துவிட்டாள்,
குளியலறைச் சுவர் முழுக்க
இணைப்பே தெரியாத சாம்பல்.
சரி என்றேன்.
சரி என்ற வாயை
அன்றிரவே கணக்குநோட்டின் முன்
உட்காரவைத்தேன்.

தொள்ளாயிரம் யூரோ.
இரண்டு குளியலறையும் ஓர் அடுக்களைச் சுவரும்
ஒட்டி முடித்தால்தான் அது என் சொந்தம்.
வாங்கினேன்.

காரில் ஏற மறுத்தது.
முன்னிருக்கையை மல்லாத்தி
குறுக்கும் நெடுக்கும் சாய்த்துக் கிடத்தி
சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டேன்,
மாட்டாவிட்டால் கார் கத்துகிறது.
ஏழு வருடமாய் அந்த இருக்கையில் வந்தவன் கல்மெர்.
இப்போது மைனஸ் பதினாலில்
நான்காம் எண் பஸ்சுக்கு நிற்கிறான்.
"அது என்னைவிட எத்தனை கிலோ கம்மி?" என்று
ஒருமுறை கேட்டான். பிறகு கேட்கவில்லை.

அன்னெலின் குடியிருப்பில் ஐந்து மாடி,
லிஃப்ட் இல்லை.
படி திரும்பும் இடங்களில் அதை
நிமிர்த்தி நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் அணைத்து,
பிரசவத்துக்குப் போகிறவளைப்போல்
மெல்ல மெல்லத் திருப்பினோம்.
இரண்டாம் மாடியில் ஒரு நாய்
கதவுக்குப் பின்னாலிருந்தே
எங்களை ஐந்தாம் மாடிவரை திட்டியது.

முதல் டைல்.
பழையது நறநறவென்று பல் கடிக்கும்.
இது, உறைந்த ஆற்றின் மேல்
தூரத்தில் யாரோ ஸ்கேட் போகிற ஓசை,
அவ்வளவுதான்.
அழுத்தினேன். டக்.
இரண்டு துண்டு.
விளிம்பில் ஒரு பொக்கை இல்லை.
அளந்தேன்.
மறுமுனையில் ஒரு நூல் பிசகு.

இன்னொன்று வைத்தேன்.
அதே முனை, அதே நூல்.
மூன்றாவதும் போயிற்று.
ஒன்று முப்பத்தெட்டு யூரோ.
கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.
திருப்பி அனுப்புங்கள் என்றார்கள்,
அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்
இன்னும் கோபம் வந்தது.

ஃபிளாஸ்க் மூடியில் டீயைப் பிடித்தபடி
கல்மெர் சொன்னான்:
"நீ வைக்காதே. நான் வைக்கிறேன்."
வைத்தான்.
நான் கீறினேன். டக்.
மூலைமட்டத்துக்கும் டைலுக்கும் நடுவே
வெளிச்சம்கூட நுழையவில்லை.

பழையதின் பிடிச்சட்டம் கோணியிருந்திருக்கிறது.
எந்த வருடம் கோணியதோ.
எந்த வேனின் எந்தப் பள்ளத்திலோ.
எனக்குத் தெரியாது,
என் இடது கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கிறது.
ஒவ்வொரு டைலையும் வைக்கும்போது
அதன் தலையை ஒரு நூல் ஒதுக்கிவிட்டு
ஒன்றும் செய்யாததுபோல் விலகியிருக்கிறது.
நேராக வைக்கிறேன் என்று
நான் நம்பியபடியே பதினோரு வருடம்.
என் வெட்டு சுத்தம் என்று
ஊரில் நாலு பேர் சொன்னதெல்லாம்
இந்த விரலைத்தானா?

சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.
மறுநாள் காலையும் ஒதுக்கியது.
மாஸ்கிங் டேப் எடுத்து
அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றினேன்.
ஒட்டிய விரலுக்குத் தயக்கம் வருகிறது.
அந்தத் தயக்கத்தில் நான் முந்திக்கொள்கிறேன்.

பழையதை வாங்க வந்தவர் கென்னாதி,
ரயில்வேயில் பெட்டி பழுது பார்த்து ஓய்வானவர்.
தோட்டவீட்டு அடுப்பைச் சுற்றி
பத்து டைல் ஒட்ட வேண்டுமாம்.
நாற்பது என்றேன்.
அவர் பர்ஸைத் திறக்கும்போது
தொண்டை பொறுக்கவில்லை.
"ஒரு நூல் விலகும். முப்பது கொடுங்கள்."
"எந்தப் பக்கம்?"
"இடது."
"என் அடுப்பும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது"
என்று நாற்பதையே வைத்துவிட்டுத்
தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த நாற்பதோடு இன்னும் அறுபது போட்டு
கார் கூரைக்குக் கம்பி மாட்டினேன்.
தார்ப்பாய்க்குள் கட்டர் மேலே பயணம் போகிறது.
கல்மெர் முன்னிருக்கையில்.
இருக்கை தன் நீளத்தை மறந்துவிட்டது என்று
முழங்காலை மடக்கிக் காட்டிப்
புலம்பிக்கொண்டே வருகிறான்.

நேற்று கடைசி வரிசை.
சாம்பல்மேல் சாம்பல் உட்கார்ந்தது.
இல்மெ வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள்.
பிறகு என் கையைப் பார்த்தாள்.

"ஐயோ, விரலில் என்ன காயம்?"