துணைக்கருவிகள்

செல்லம்பட்டிப் பள்ளியில் எனக்குக் கிடைத்தது
ஆறாம் வகுப்பு, நாற்பது நிமிடம்,
கடைசி பெஞ்சில் நோட்டோடு வழிகாட்டி ஆசிரியை.

மேலமாசி வீதியில் வாங்கிய சார்ட்டில்
ராத்திரி முழுக்க தோசை வெட்டியிருந்தேன்.
மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று.
எது பெரிசு?
நாலு, நாலு என்று வகுப்பே கத்தியது.
தோசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
புரிஞ்சுதா?
புரிஞ்சுது டீச்சர்.
சரி, எது பெரிசு?
நாலு.

கை தூக்காமலே எழுந்தான் ஒச்சப்பன்.
"கெணத்துல எங்களுக்கு மூணுல ஒரு பங்கு.
மூணு நாளைக்கு ஒருக்க தண்ணி பாய்ச்சுனோம்.
சித்தப்பா பிரிஞ்சு போனாரு, ஆறுல ஒண்ணாச்சு.
இப்ப ஆறு நாளைக்கு ஒருக்கதான்.
கீழ நம்பர் ஏறுனா
தண்ணி கொறையும்டா."

பாதி வகுப்பு ஆ என்றது.
என் பாடக்குறிப்பில் அந்த ஆவுக்குக் கட்டம் இல்லை.

ஆசிரியை எழுதிக் கொடுத்தார்:
குரல் போதாது.
கரும்பலகையின் இடது ஓரம் வீண்.
இரண்டும் உண்மை.

மணி அடித்த பிறகு பார்த்தேன் நாகஜோதியின் நோட்டை.
நான்கில் ஒன்றே பெரிது,
ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு.
ஒச்சப்பன் அவ்வளவு சொன்னானே?
"எங்களுக்குக் கெணறு இல்ல டீச்சர்."

ஆரப்பாளையம் பஸ்ஸில்
மடியில் நாளைய பாடக்குறிப்பு.
நோக்கம் எழுதியாயிற்று,
முன்னறிவும் ஏதோ எழுதிவிட்டேன்.
துணைக்கருவிகள் என்ற இடத்தில்
கருமாத்தூரிலிருந்து நிற்கிறது பேனா.

நாகஜோதி வீட்டில்
எதைப் பங்கு வைப்பார்கள்?
கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.