ஓதக் கணக்கர் வழக்கு

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.
சன்னல் இடுக்கில் பனி இறுகி, கத்திகூட நுழையாது.
மேசையில் பாதி தின்ற உலர்மீன்.
நாற்காலியில் தூர்லைஃப் பிரெக்கான்,
துறைமுகத்து ஓதக் கணக்கர், வயது ஐம்பத்திரண்டு.
கடலுக்கு இருநூறு அடி தள்ளி, மாடியறையில்,
நுரையீரல் நிறையக் கடல்நீர்.

வார்டோ காவல் நிலையத்தில் அப்போது நான் தட்டச்சர்.
இன்ஸ்பெக்டர் உல்னெஸ் சொல்லச் சொல்ல அடிப்பேன்.
காபியைக்கூட முகர்ந்து பார்த்தே குடிக்கிறவர்.

முதலில் மனிதர்களைக் கழித்தார்.
கடன் கொடுத்த எண்ணெய் வியாபாரி: அன்றிரவு ட்ரோம்சோ கப்பலில்.
தம்பி: சீட்டாட்டத்தில், தோற்றுக்கொண்டு, ஒன்பது சாட்சிகள்.
வீட்டுக்காரி மாரென்: படியேறாத முட்டி.
எல்லாரும் உண்மையே சொன்னார்கள்.
அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.
"ஒருத்தராவது பொய் சொல்லியிருக்க வேண்டாமா?"

பிறகு ஓதமானியின் சுருளைப் பிரித்தார்.
பதினோரு வருடத்துக் காகிதம்,
நீர் ஏற ஏறி, இறங்க இறங்கும் ஊசிக்கோடு.
நிலையத்து நடைவழி போதவில்லை.
மீன் கிடங்கில் வரிசை வரிசையாக விரித்தோம்.
ஏணிமேல் நின்று பார்த்தவர்
நெடுநேரம் இறங்கவில்லை.

"செல்வி ஹாவ்னெஸ்," என்றார்,
"இது கையெழுத்து."

நானும் ஏறினேன்.
அந்த மொழி எனக்குத் தெரியாது, எவருக்கும் தெரியாது.
ஆனால் ஒரே கை எழுதியதா என்பது
தட்டச்சருக்குத் தெரியும்:
சாய்வு, அழுத்தம், சொல்லுக்குச் சொல் விடும் மூச்சு.
பதினோரு வருடத்தில் ஒரே ஒரு வாக்கியம்,
பாதிகூட முடியவில்லை.

கடைசி முழத்தில் சிவப்பு மை.
பிரெக்கான், ஒழுங்கான மனிதர்,
படிக்கத் தெரியாமலே
திரும்பத் திரும்ப வந்த வளைவைப் பழகி,
ஓரிடத்தில் அது பிசகியதைக் கண்டு
சுத்தமாகத் திருத்தியிருக்கிறார்.
ஓரத்தில் தேதி, சுருக்கொப்பம்.

அதன்பின் ஊசி ஒன்பது நிமிடம் நேர்கோடு.
ஒன்பது நிமிடம் கடல் நின்றிருக்கிறது,
எழுதிக்கொண்டிருந்த யாரோ
பேனாவைத் தூக்கி, தலை நிமிர்ந்ததுபோல.

நோக்கம் கிடைத்தது. ஆயுதம் கிடைத்தது.
நேரம் நிமிடக் கணக்கில் பொருந்தியது.
இத்தனை சுத்தமான வழக்கைத்
தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்றார் உல்னெஸ்.
இடுப்பிலிருந்த கைவிலங்கை எடுத்து
அதன் வளையம் எவ்வளவு சிறியதென்று
பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சவரக் கத்தியால்
சிவப்பு மையைச் சுரண்டினார், நார் நாராக.
சாட்சியத்தை அழிப்பது குற்றம் என்று
நான் சொல்லவில்லை.
வெளியே அலை, அரைக்கணம் தயங்கி,
கரையேறியது.

அறிக்கையில் "மூழ்கி இறப்பு" என்றே அடித்தேன்.
அவசரத்தில் ஓர் எழுத்து தவறியது.
அழிப்பானை எடுத்தேன்.
இன்ஸ்பெக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்,
விரல்கள் ஈரமாக இருந்தன.
"இருக்கட்டும்," என்றார்.
"இன்றைக்கு எதையும் திருத்த வேண்டாம்."