பின்பக்கம்

ராயபுரம் பாலத்துக்குக் கீழே
காலை ஐந்தே முக்கால்.
வெயில் ஏறுமுன் பதினொரு உடை.

மெர்சிலினுக்கு அந்த கோட்
இரண்டு சைஸ் பெரிது.
முதுகில் கிளிப் போட்டு இறுக்கினேன்,
ஸ்டேஷனரிக் கடைக் கறுப்புக் கிளிப்,
டஜன் அறுபது ரூபாய்.
'மூச்சு விடலாமா அக்கா?'
'இரு, கேமராக்காரர் சொல்லட்டும்.'

மூன்று வாரம் கழித்து
29சி-யில் தொங்கிக்கொண்டு போகையில்
ஜெமினி பக்கம்
நாலு மாடி உயரத்துக்கு அவள்.
அளவெடுத்துத் தைத்த மாதிரி கோட்.
'செமையா நிக்குதுல்ல?'
பக்கத்துப் பெண் போனைத் தூக்கினாள்.

பச்சை விழுந்து பஸ் திரும்ப,
பலகையின் முதுகு:
குறுக்கும் நெடுக்குமாய் இரும்பு,
இடுக்கில்
கம்பி பொறுக்கிக் கட்டிய காக்காக் கூடு.

ஒன்பது போட்டேன் அன்று.
எட்டுதான் திரும்பி வந்தது.