நறநற

நவம்பர் முதல் வாரம், கயானி.
ஏரியின் ஓரத்தில் மட்டும் ஆடை கட்டியிருக்கிறது,
ஆறிய பாலில் போல.
டயர்க் கடையில் என் சீட்டு நாற்பத்தேழு,
கூப்பிடுவது முப்பத்தொன்று.
குளிர்காலம் வருமென்று
போன குளிர்காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும்.
ஆனாலும் வரிசை இன்றைக்குத்தான்.

காத்திருக்கும் நேரத்தில் வெளியே போய்
என் சின்ன எஸ்யூவியின் பின்புறம் கிடக்கும்
பழைய டயரின் பள்ளத்தில்
இரண்டு யூரோ நாணயத்தை நிறுத்திப் பார்க்கிறேன்.
வெள்ளி விளிம்பு மறைந்தால் இன்னொரு பருவம் ஓட்டலாம்.
மறையவில்லை.
பல்லைக் காட்டுகிறது.

"ஆணி வச்சதா, வைக்காததா?"
வில்மா கேட்கிறாள், நகக்கண்ணில் கிரீஸ், காதில் பென்சில்.
ஆணி இருந்தால் கண்ணாடி ஐஸைக் கடித்து நிற்கும்.
இல்லாதது மெத்தென்ற ரப்பர், மேலெல்லாம் மெல்லிய கீறல்கள்,
பூனை நடப்பதுபோல் போகலாம்.
பிடிப்பு இரண்டிலும் உண்டாம்.
எதற்கு எதைப் பிடிக்கிறது என்பதில்தான் பேச்சு.

முடிவு செய்துவிட்டுத்தான் வந்தேன்: ஆணி வேண்டாம்.
காரணம் இல்மரி.
ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க
கத்தரிகளையும் இடுக்கிகளையும் ஆவியில் வேகவைத்துவிட்டு
சொட்காமோ சாலையில் முப்பத்தொன்பது கிலோமீட்டர் ஓட்டி
காலை ஐந்தேமுக்காலுக்கு முற்றத்தில் திரும்பும்போது
ஆணிகள் தாரை நறநறவென்று கடிக்கும்.
"வாசலில் யாரோ சர்க்கரை மூட்டையை இழுக்கிறார்கள்"
என்பான் இல்மரி, பத்து வருடமாக.
சுவருக்கு அந்தப் பக்கம் கைசுவும் ஆமோதிப்பாள்.
மார்ச் முடியும்வரை இருவர் கண்ணுக்கடியிலும்
ஒரே கருவளையம்.

சத்தமில்லாதது அறுபது யூரோ அதிகம்.
அதனால்தான் மூலையில் கிடந்த நான்கைப் பார்த்தேன்.
பாதி விலை, யாரோ வாங்கி ஓட்டாமல் விட்டவை.
பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 0519.
"ஐந்தாவது வாரம், பத்தொன்பதாம் வருஷம். வயசாயிடுச்சு," என்றாள் வில்மா,
"ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும்."

ஐந்தாவது வாரம், பத்தொன்பதாம் வருஷம்.
எங்கோ ஒரு ஆலையில் இவை
அச்சிலிருந்து சூடாக இறங்கிய அந்த வாரத்தில்
நுவாஸ்யார்வி வளைவில் நான் சாலையை விட்டு இறங்கினேன்.
அடியில்லை. பனிமேட்டில் மூக்கைச் செருகி
இரண்டு மணிநேரம்
ஹீட்டர் ஓடும்வரை ரேடியோ, பிறகு அதுவும் இல்லை.
ஒன்பது மணிக்கு இழுவை வண்டியில் வீடு வந்தேன்.
அதன் டயர் வேறு, சத்தம் வேறு.
இல்மரி ஜன்னலில் நின்றிருந்தான்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.

கேட்பதற்காக இல்லை, விலை சொல்லத்தான் கூப்பிட்டேன்.
"ஆணி வச்சதே வாங்கு," என்றான்.
"எழுப்புதுன்னு சொன்னியே?"
கொஞ்சநேரம் கெட்டில் கொதிக்கும் சத்தம்.
"எழுப்பணும்னா நான் முதல்ல தூங்கியிருக்கணுமே."
பிறகு உடனே,
உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா.

வில்மா சக்கரத்தைச் சுழற்றி ஈயத்துண்டு ஒட்டினாள்,
நட்டுகளை முறுக்கினாள்,
நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கச் சொன்னாள்.
ஐந்நூறு வரைக்கும் முரட்டுத்தனமாக பிரேக் போடாதே,
ஆணி உட்காரட்டும்.
அறுபது யூரோ மிச்சம். அதில் உருளைக்கிழங்கு,
ஒரு ஏலக்காய் ரொட்டி, அதைக் காரிலேயே தின்றேன்.

பனி இன்னும் விழவில்லை.
வெறுந்தாரில் ஊர் முழுக்கக் கேட்க ஓட்டிப்போவது
கல்யாண வீட்டுக்கு முதல்நாளே போய் உட்கார்ந்ததுபோல்
வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஐந்தேமுக்கால்.
முற்றத்தில் திரும்பினேன்.
நறநற.
கைசு வீட்டில் திரைச்சீலை அசைந்தது.
எங்கள் ஜன்னலில், இத்தனை வருடமும் தெருவிளக்கின் நிழல் என்று
நான் நினைத்திருந்த
செல்பேசியின் சின்ன நீலச் சதுரம்
அணைந்தது.