மூன்றாம் சாலுரான்

இந்தத் தொகுதிக்கு எண் மூன்று முறை மாறிவிட்டது,
பெயர் ஒருமுறை.
சுங்கை பாலாம் என்றால் இப்போது
ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொடங்கி
ஏழாங்கட்டைக் கோயில் மதில் வரை.
மதிலுக்கு வெளியே இருக்கும் மடப்பள்ளி
பக்கத்துத் தொகுதியில் பொங்குகிறது.

நான் ஆலையில் எடைமேடைக் கிராணி.
இன்று ஒருநாள் முகவர்:
கழுத்தில் அட்டை, கையில் அடிக்கோல்,
தமிழ்ப்பள்ளி இரண்டாம் வகுப்பின் குட்டி நாற்காலி.
சாலுரான் வயதுப்படி.
ஒன்றில் கைத்தடிகள், ஐந்தில் கைப்பேசிகள்.
மூன்றில் கடன் உள்ளவர்கள்.

பெயர் வாசிக்கிறார்கள், கோடு இழுக்கிறேன்.
வடமலை, சின்னப்பையன் மகன்.
நான்காம் லயம், ஏழாங்கட்டைத் தோட்டம்.
அந்த லயத்தை இடித்துப் பதினெட்டு வருஷம்.
கிள்ளானிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து
ஒரு செம்பனை வரிசையின் முகவரியில்
ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்.
ஹலீமாத்தூன், நிலத்திட்டம், பத்து ஏக்கர்.
டான் சியூ எங், புதுக்கம்பம்;
அவர் அப்பா காலத்தில் அதைச் சுற்றி முள்வேலி,
இவருக்கு ஐந்து காய்கறி லாரி.

முதல் தேர்தலுக்குத் துரையின் லாரி ஏற்றி வந்ததாம்.
லாரி எந்தக் கொட்டகை முன்னால் நின்றதோ
அந்தக் கொட்டகைக்கு ஓட்டு.
பிறகு தார் வந்தது, இரண்டு கட்டை தூரம்.
மீதிக்கு இன்னும் ஐந்து வருஷம்.
பால்மரம் சாய்த்துச் செம்பனை நட்டபோது
வேட்பாளர் வரவில்லை, படம் வந்தது.
ஒருமுறை எல்லாரும் கோபித்துக்கொண்டு மாற்றிப் போட்டோம்.
ஜெயித்தவர் எட்டாம் மாதம் கட்சி மாறினார்.
கோபம் மட்டும் அப்படியே கிடந்தது,
வைக்க இடமில்லாமல்.

ஆறு மணிக்குக் கதவை மூடினார்கள்.
என்சிக் ஸம்ரி ஒவ்வொரு சீட்டாய்த் தூக்கிக் காட்டினார்.
ஒரு சீட்டில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை.
ஓரத்தில் தமிழில் ஒரே சொல்:
தண்ணி.
ணகரத்துக்கு நாலு சுழி.
யார் கை என்று தெரிந்தது மாதிரி இருந்தது,
தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“ஆப்பா இனி?” என்றார்.
“ஆயர்” என்றேன்.
அவர் காலடியில் இருந்த தன் பாட்டிலைப் பார்த்தார்.
பிறகு சீட்டை ரோசாக் அடுக்கில் வைத்தார்.
நான் ஒப்பமிட்டேன்.

தொகுதி முழுவதும் கூட்டினால்
வித்தியாசம் நாற்பத்தொன்று.
ரோசாக் இருநூற்று ஆறு.
பட்டாசு யாரோ வெடித்தார்கள்,
புதுக்கம்பத்தில் நாய்கள் வெகுநேரம் குரைத்தன.

திங்கட்கிழமை முதல் லாரி.
ராத்திரி மழை, குலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.
ஓட்டுநர் ஜன்னல் வழியே கை நீட்டினார்,
நகத்தில் மை.
ஈரத்துக்கு ஒரு சதவீதம் கழிப்பது எங்கள் விதி.
எடைச்சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம்,
மேலே ‘ஆயர்’ என்று அச்சடித்திருக்கும்.
பேனாவை அங்கே வைத்தேன்.

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.