இருபத்தேழு

ஜெர்மன்காரர் மெஷினைப் பொருத்திவிட்டுக் கிளம்பிய அன்று
என் டூல்பாக்ஸில் ஒரு விதைப் பொட்டலம் கிடந்தது.
புரியாத எழுத்து. படத்தில்
பூண்டும் இல்லாத வெங்காயமும் இல்லாத ஒன்று.
லீக்ஸ் என்றார் கேன்டீன் மாஸ்டர்.

ஆவணியில் விதைத்தேன்.
மத்திகிரி வாடகை வீட்டின் பின்னால்
துவைகல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே
எட்டடி நிலம்.
முளை என்றே சொல்ல முடியாது,
சீப்பில் சிக்கிய முடி.
கறுத்த விதைத்தோலைத் தலையில் சுமந்து
முழங்காலாய் மடங்கி நின்றது.

பென்சில் கனம் வருவதற்குள் ஐப்பசி.
கடப்பாரையால் ஒரு சாண் குழி, குழிக்கு ஒன்று.
மண் தள்ளக் கூடாது, தண்ணீர் மட்டும்.
மிச்சத்தைக் குழியே பார்த்துக்கொள்ளும் என்று
எங்கோ படித்திருந்தேன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தால்
இருபத்திரண்டில் பதினொன்று மூடியிருந்தது,
மெழுகிய தரைபோலச் சமமாக.
ஓனரம்மா சௌடம்மா கைமண்ணைத் தட்டினார்.
“அப்படியே விட்டுட்டுப் போயிட்டியே சாமி.
பாதிதான் ஆச்சு, முதுகு புடிச்சிக்கிச்சு.”
நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல.

கார்த்திகை முழுக்க ஒரே கேள்வி:
“கிழங்கு எப்ப வைக்கும்?”
வைக்காதுங்க.
“பூண்டாட்டம் பல்லு?”
இல்லைங்க.
“அப்புறம் எதுக்குத் தினம் மண்ணு அணைக்கிற?”
தண்டு வெளுக்க.
“துவைகல்லுப் பக்கத்துல வெச்சா தானா வெளுக்குமே.”
மருமகளிடம் அதையே தெலுங்கில் சொல்ல
இன்னொரு முறை சிரித்தார்கள்.

மார்கழியில் இலைக்கவட்டில் தேங்கிய பனியில்
ஓர் எறும்பு மூழ்கிக் கிடந்தது.

மாசியில் தோண்டினேன்.
வெர்னியரை வீட்டுக்குக் கொண்டுவந்தது தப்புதான்.
நான் திறந்து விட்டவை இருபத்தைந்து மில்லிமீட்டர்,
சௌடம்மா மூடியவை இருபத்தேழு.
தாடைகளைத் துடைத்து மறுபடி அளந்தேன்.
இருபத்தேழு.

வேடியம்மாள் நீளவாக்கில் பிளந்தாள்.
அடுக்குக்கு அடுக்கு மண்.
நாலு தண்ணீர் மாற்றிக் கொள்ளுக் கடைசலில் போட்டாள்.
களியைக் கிள்ளித் தொட்டு விழுங்கினோம்.
வெங்காயத்தின் கோபம் இல்லை, கொஞ்சம் தித்திப்பு,
கடைசியில் பல்லிடுக்கில் நற.

வாங்கிப்போன கிண்ணத்தை
மறுநாள் கழுவித் தந்தார் சௌடம்மா.
“நல்லாத்தான் இருந்துச்சு.
இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா
கிழங்கு வெச்சிருக்கும்.”

ஒன்றைத் தோண்டாமல் விட்டிருக்கிறேன், விதைக்கு.
பங்குனி வெயிலில் அதற்குத் தினமும்
துணி அலசிய தண்ணீரை ஊற்றுகிறார்,
நுரையோடு.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பேன்.
இருபத்தேழு.