நாற்பத்தைந்து லிட்டர் பனி

கார்த்திகை முடியும் முன்பே
தேங்காயெண்ணெய் சீசா வெள்ளையாகிவிட்டது.
அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்கிறோம்.
அதைப் பார்த்துத்தான் எனக்கு முதல் பயம்:
டீசலும் எண்ணெய்தானே?

லடாக்கில் லாரி ஓட்டித் திரும்பிய ஜேசுராஜிடம் கேட்டேன்.
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"அங்க டீசல் மெழுகாயிடும்மா.
மண்ணெண்ணெய் கலப்போம்,
டேங்குக்கு அடியில நெருப்புகூட வெச்சிருக்கோம்."
டேங்குக்கு அடியில் நெருப்பு.
இரண்டு ராத்திரி கனவில் வந்தது.
பிறகு புரிந்தது. அது லே. இது நாகலூர்.
இங்கத்திய குளிருக்கு மெழுகு செய்யத் தெரியாது,
தண்ணீர் செய்யத் தெரியும்.

கோரிமேட்டு பங்கில் பிடிக்கிற டீசல்
சேலத்து வெயில் குடித்தது.
கேனைத் தொட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தமாதிரி இருக்கும்.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
இங்கே இறங்குவதற்குள்
நமக்குக் காது அடைக்கிறது, அதற்குச் சூடு தணிகிறது.
டேங்கில் பாதி டீசல் என்றால்
மீதி பாதி சும்மா இருக்காது. காற்று இருக்கும்.
ராத்திரி மேகம் ஷெட்டுக்குள்ளேயே வந்து படுக்கும்போது
அந்தக் காற்று தகரத்தில் வியர்க்கும்.
வியர்வைக்குக் கனம் அதிகம்,
டீசலைத் துளைத்து அடியில் போய் உட்காரும்.
விடிந்து சாவி திருப்பினால்
இன்ஜினுக்கு முதல் வாய் அதுதான்.

குழுவில் பன்னிரண்டு பேர். டிராக்டர் கடனும் பன்னிரண்டு பேர் தலையில்.
ஸ்டியரிங் மட்டும் என் கையில்.
கணக்கு அந்தோணியம்மாள்.

"ராத்திரி நிறைச்சு வெச்சா
விடியறதுக்குள்ள எவனாச்சும் டியூப் விட்டு உறிஞ்சிடுவான்.
பத்து லிட்டர் ஊத்து, போதும்."
ஊற்றினேன்.
ஐம்பத்தைந்து லிட்டர் டேங்க் அது.
மீதி நாற்பத்தைந்தைப்
பனிக்கு வாடகைக்கு விட்டோம்.

மார்கழி ஒன்பது.
டிரெய்லரில் முப்பத்திரண்டு மூட்டை காப்பிப் பழம்,
மூட்டைமேல் அந்தோணியம்மாள்.
பறித்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது,
சாக்குக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கும்.
மஞ்சக்குட்டை மேட்டில்
வண்டி இருமியது.
வெள்ளைப் புகை விட்டது.
நின்றது.

கல் முட்டுக்கொடுத்தேன்.
டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கடன் வாங்கி
பில்டருக்கு அடியில் பிடித்து, திருகைத் தளர்த்தினேன்.
மேலே மஞ்சள், அடியில் பச்சைத்தண்ணி,
நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டமாதிரி ஒரு கோடு.
வாழ்நாளெல்லாம் கோடு போட்டவள்
அந்தக் கோட்டையே பார்த்தாள்.
"பங்க்காரன் கலந்துட்டானா?"
"இல்லக்கா."
"பின்ன யாரு ஊத்தினது?"
"யாரும் ஊத்தல. நாம ஊத்தாம விட்டதுதான் இது."

அதற்கு அவள் ஒன்றும் பேசவில்லை.
டம்ளரைச் சாய்த்து
எத்தனை அவுன்ஸ் என்று கண்ணாலேயே அளந்தாள்.

காற்றெடுக்க வேண்டும்.
நான் மேல் திருகைப் பிடிக்க
அவள் கைபம்பை அமுக்கினாள்.
நுரை.
நுரை.
கட்டைவிரல் மாற்றி மறுபடி அமுக்கினாள். நுரை.
பிறகு நுரையில்லாமல், நூல்போல, டீசல்.
அவள் சேலை முந்தானையில் துடைத்த வாசனை
மூன்று துவையலுக்குப் போகவில்லை என்றாள்,
யாரோ செண்ட் கொடுத்தமாதிரி.

இப்போது சாயங்காலம் வண்டி ஷெட்டுக்கு வந்ததுமே
கழுத்துவரை ஊற்றிவிடுகிறோம்.
மூடிக்குப் பூட்டு. சாவி
அந்தோணியம்மாள் ஜெபமாலையோடு தொங்குகிறது.
காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு வருகிறாள்,
ஸ்டார்ட் பண்ணும் முன் டம்ளர் பிடிக்கிறாள்.
கை நடுங்குகிறது, குளிர்தான்.
டீசல் நோட்டில் புதுசாக ஒரு கட்டம்: தண்ணீர்.
முதல் வாரம் அதில் நாலு சொட்டு, மூணு சொட்டு.
இன்று சைபர்.
சைபருக்குக் கீழே இரண்டு கோடு போட்டு,
பூட்டு விலை எண்பத்தைந்து ரூபாயை
என் பெயரில் எழுதினாள்.